சன்பிளவர் மாவட்டத்து விடுதலைப் பண்ணை

கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலரில், அமெரிக்க நாட்டின் ஒரு மூலையில் ஏழாண்டுகளே நடந்து மறைந்த கூட்டுறவுப் பண்ணையொன்றின் வரலாற்றுக்கு என்ன வேலை என்று வாசகர் வினவக்கூடும். வினா நியாயமானதே. 1946ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு பாய்சுக்கு மடல் எழுதி, நம் மக்கள் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பர் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டி, அவர்தம் வரலாற்றை நாம் பயில வேண்டிய தேவையை உணர்த்தினார். 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பாந்தர் இயக்கம் தன் பெயரையே அம்மக்களிடமிருந்துதான் பெற்றது. ஆயினும் நம் மேடைகளில் பேசப்படுவன பெரும்பாலும் அவர்கள் பேருந்திலும் பள்ளியிலும் வாக்குச்சாவடியிலும் நடத்திய போராட்டங்களே. சோற்றுக்காக அவர்கள் நடத்திய போராட்டத்தை நாம் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை. அதனையே இங்குக் கூற விழைகிறோம்.

மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கில், மிசிசிப்பி, யாசூ என்னும் இரண்டு ஆறுகளுக்கு இடையே கிடக்கும் வண்டல் சமவெளிக்கு டெல்டா என்று பெயர். கருமண் பூமி, எதை நட்டாலும் விளையும். ஆனால் அங்கு நடப்பட்டது பருத்தி ஒன்றே. 1865இல் அடிமைமுறை ஒழிந்தது. அவ்வாண்டு ஜனவரியில் படைத்தலைவர் ஷெர்மன், தென்கிழக்குக் கடற்கரை நிலங்களை விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை பகிர்ந்தளிக்க ஆணையிட்டார். ஆண்டு முடியுமுன்னே குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்நிலங்களைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். டெல்டாவுக்கோ அந்த ஆணைகூட எட்டவில்லை. அங்கு அடிமைமுறையின் இடத்தில் வாரமுறை வந்தமர்ந்தது. நிலமும் விதையும் கோவேறு கழுதையும் பண்ணையாருடையவை, உழைப்பு குடும்பத்தினுடையது, விளைச்சல் ஆளுக்குப் பாதி. விதைப்பு முதல் அறுவடை வரை உண்பதற்குப் பண்ணைக் கடையில் கடன். ஆண்டு முடிவில் கணக்குப் பார்ப்பவர் பண்ணையார். எழுதப் படிக்கத் தெரியாத குடும்பத்தின் பங்கு அந்தக் கணக்கில் எவ்வாறு கரைந்திருக்கும் என்பதை நம் வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பல பண்ணைகளில் குடிசை வாசல்வரை பருத்தியே நின்றது. கீரைப் பாத்தி போடவும் இடம் விடப்படவில்லை. சோளமாவும், உப்பிட்ட பன்றிக் கொழுப்பும், வெல்லப்பாகும் கடையில் கடனுக்குக் கிடைத்தன. அவற்றையே உண்டவர்களைப் பெலாக்ரா என்னும் நோய் பற்றியது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, முடிவில் அறிவு மயங்கும். 1915இல் ஜோசப் கோல்ட்பெர்கர் என்னும் மருத்துவர் மிசிசிப்பிச் சிறைப் பண்ணையொன்றில் நடத்திய சோதனையால், இந்நோய் கிருமியால் வருவதன்று, உணவுக் குறையால் வருவதே என்று காட்டினார். காய்கறியும் பாலும் இறைச்சியும் உண்டால் நோய் இல்லை. மருந்து இதுவென அறிந்த பின்னரும் அந்த வாசல்களில் பருத்தியே நின்றது.

இம்மண்ணில் 1917 அக்டோபர் 6ஆம் நாள் பிறந்தவர் ஃபேனி லூ ஹேமர். பெற்றோர்க்கு இருபதாவது குழந்தை. ஆறு வயதில் பருத்தி எடுக்கத் தொடங்கியவர். பள்ளிக் கல்வி சில ஆண்டுகளோடு முடிந்தது. ஒருமுறை அவர் தந்தையார் அரும்பாடுபட்டுச் சிறிது பணம் சேர்த்து, குத்தகைக்கு நிலம் பிடித்து, கோவேறு கழுதைகளையும் பசுக்களையும் வாங்கினார். வாரக்குடி ஒருவன் தன் காலில் நிற்க முயல்வதைப் பொறாத வெள்ளையர் ஒருவர், பருத்திப் பூச்சிக்குத் தெளிக்கும் பாரிஸ் பச்சை என்னும் நஞ்சைத் தீவனத்தில் கலந்துவிட்டார். விலங்குகள் மாண்டன. குடும்பம் மீண்டும் வாரத்திற்கே திரும்பியது. பிற்காலத்தில் அம்மையார் பன்றிகளுக்கும் காய்கறிக்கும் ஏன் அத்தனை முதன்மை கொடுத்தார் என்பதற்கு, எந்தப் பொருளாதார நூலைக் காட்டிலும் இந்நிகழ்ச்சி சிறந்த விளக்கமாகும் என்பது நம் கருத்து.

1962 ஆகஸ்டு 31 அன்று, பதினெட்டுப் பேர் ஒரு பழம் பேருந்தில் ஏறி, வாக்காளராகப் பதிவு செய்ய இண்டியனோலா நகருக்குச் சென்றனர். ஹேமர் அவர்களில் ஒருவர். பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து அன்றிரவே வெளியேற்றப்பட்டார். 1963 ஜூனில் வினோனா சிறையில் அவர் அடித்து நொறுக்கப்பட்டதும், 1964இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அதை நாடே கேட்க எடுத்துரைத்ததும் பலரும் அறிந்தவை. பலர் அறியாதது வேறொன்று. 1962 இலையுதிர் காலத்தில், அண்டை மாவட்டமான லெஃப்ளோரின் ஆட்சிக்குழு, நடுவண் அரசு ஏழைகட்கு வழங்கிவந்த மாவு, அரிசி முதலிய உணவுப் பொருள்களின் வழங்கலை நிறுத்தியது. அதை நம்பியிருந்தோர் 20,000 பேருக்கு மேல், பெரும்பாலோர் கறுப்பர். வாக்கு கேட்டவர்க்குச் சோறு இல்லை என்பதே அதன் பொருள். மாணவர் இயக்கத்தினர் வடமாநிலங்களில் உணவு திரட்டினர். நகைச்சுவைக் கலைஞர் டிக் கிரெகரி விமானத்திலேயே மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார். பதிவு அலுவலகத்துக்குச் செல்வோர் தொகை குறையவில்லை; கூடியது. மறு ஆண்டு வழங்கல் மீண்டும் தொடங்கப்பெற்றது.

1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. பசி போகவில்லை, இன்னும் பெருகியது. பருத்தி எடுக்க எந்திரமும், களை கொல்ல மருந்தும் வந்துவிட்டன. 1967 பிப்ரவரியில் பண்ணைத் தொழிலாளர்க்கு மணிக்கு ஒரு டாலர் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்ததும், பண்ணையார்கள் களையெடுப்போரை ஒட்டுமொத்தமாக நிறுத்தினர். அதே காலத்தில் இலவச உணவுப் பொருள்களுக்கு மாற்றாக உணவு வில்லைகள் புகுத்தப்பட்டன. வில்லையைப் பெற ஏழையும் பணம் கட்டவேண்டும். மிகக் குறைந்த வருவாய் உடையோர்க்கும் ஆளுக்கு மாதம் 2 டாலர். வேலையே இல்லாதவருக்கு அந்த 2 டாலர் எங்கிருந்து வரும்? பணம் கட்டும் இந்த விதியை நீக்க 1977ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. இதே சன்பிளவர் மாவட்டத்தில் 5,000 ஏக்கருக்கு மேல் வைத்திருந்த செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்ட், பருத்தி பயிரிடாமல் நிலத்தைத் தரிசு போடுவதன் பேரில் அரசிடம் ஆண்டொன்றுக்கு 1,00,000 டாலருக்கு மேல் பெற்றுக்கொண்டிருந்தார். நிலமுடையவருக்கு விளைவிக்காமைக்குப் பணம். நிலமற்றவருக்கு உண்ணவும் கட்டணம்.

அண்மையிலுள்ள மவுண்ட் பேயூ 1887இல் கறுப்பின மக்களே நிறுவிய ஊர். அங்கு 1960களில் அமைந்த மக்கள் நலவாழ்வு நிலையத்து மருத்துவர்கள், நோயோடு வந்த குழந்தைகட்கெல்லாம் பசியே நோய் என்று கண்டு, மருந்துச் சீட்டில் பாலும் இறைச்சியும் காய்கறியும் எழுதிக் கொடுத்தனர். கடைக்காரருக்கு மருந்தகக் கணக்கிலிருந்து பணம் போயிற்று. மேலதிகாரிகள் சினந்தனர். ஊட்டக் குறைக்கு மருந்து உணவே என்றுதான் மருத்துவ நூல் சொல்கிறது என்று ஜாக் கெய்கர் என்னும் மருத்துவர் விடையிறுத்தார். ஆனால் சீட்டு எழுதிக்கொண்டே இருக்க முடியாது என்பதையும் அவர்கள் உணர்ந்தனர். ஜான் ஹாட்ச் என்பாரின் முயற்சியால் வடபொலிவர் மாவட்ட மக்கள் ஒன்றுகூடிக் காய்கறி விளைவிக்கும் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினர். ஹேமர் அம்மையாரின் முயற்சி தனித்தெழுந்த ஒன்றன்று என்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டோம்.

அம்மையார் முதலில் தொடங்கியது பன்றி வங்கி. டாரதி ஹைட் தலைமையிலிருந்த தேசிய நீக்ரோ மகளிர் மன்றம் பன்றிகளை வழங்கியது. சினைப் பன்றியொன்றை ஒரு குடும்பம் பெற்று வளர்க்கும். ஈன்ற குட்டிகளில் இரண்டை வங்கிக்குத் திருப்பித் தரும். அவை வேறு குடும்பங்களுக்குச் செல்லும். எஞ்சியவை அக்குடும்பத்தின் குளிர்கால உணவு. வட்டியில்லாத இவ்வங்கியின் முதல் சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் பெருகிற்று. பன்றி வளர்ப்பதைச் சொல்லியே ஏளனம் செய்யப்பட்ட மக்கள் நம்மிடையேயும் உண்டாதலின், இச்செய்தியை நாம் சற்று மகிழ்ச்சியோடே எழுதுகிறோம்.

1969இல் 40 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டு விடுதலைப் பண்ணைக் கூட்டுறவு உருவாயிற்று. உறுப்பினர் கட்டணம் மாதம் ஒரு டாலர். அந்த ஒரு டாலரையும் கட்ட முடிந்தவை ஏறத்தாழ 30 குடும்பங்களே; பெயரளவில் சேர்ந்தவை 1,500. கட்டாதவரை யாரும் விலக்கவில்லை. ஏழை வெள்ளையரும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். கீரை வகைகள், வெண்டை, தக்காளி, அவரை, பட்டாணி, மக்காச்சோளம், சர்க்கரைவள்ளி எனப் பயிரிட்டனர். நட்டவரும் எடுத்தவரும் தமக்கு வேண்டியதைக் கொண்டு சென்றனர். முதியோர், நோயாளிகள் வீட்டுக்கும் காய்கறி சென்றது. வீடு கட்டிக்கொள்ளக் கடன் பெறவும் உதவினர். மாணவர்க்குக் கல்வி உதவித்தொகையும் கொடுத்தனர்! பருத்தி நின்ற வாசலில் இப்போது கீரை நின்றது.

வெறும் உணவு வழங்கலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அம்மையார் நன்கறிந்திருந்தார். ஆட்சிக்குழுவின் ஒரு தீர்மானத்தால் நின்றுபோகும் சோற்றை உண்பவன், வாக்குச்சாவடிக்குச் செல்லுமுன் இருமுறை எண்ணுவான். தன் தோட்டத்துச் சோற்றை உண்பவனுக்கு அந்த அச்சமில்லை. ஆகவே பண்ணையும் வாக்குரிமையும் அவருக்கு இரு வேறு பணிகளாகத் தோன்றவில்லை.

1971இல் மேலும் 640 ஏக்கர் முன்பணம் கொடுத்து வாங்கப்பட்டது. காய்கறி உண்பதற்கு, நிலத்தின் தவணையைக் கட்டப் பருத்தியும் சோயா மொச்சையும் என்பது திட்டம். நன்கொடையாளர்களும் துணை நின்றனர். விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் அமைந்த உதவிக் குழுவினர் நிதி திரட்டினர்; பாடகர் ஹாரி பெலபாண்டே தம் பெயரால் வேண்டுகோள் விடுத்தார்; வடமாநில இளைஞர்கள் பசி ஒழிப்பு நடைப்பயணம் சென்று பணம் அனுப்பினர். 1972, 1973 ஆகிய ஆண்டுகளில் வறட்சியும் வெள்ளமும் மாறிமாறி வந்து பயிரைக் கெடுத்தன. தவணை தவறியது. 1974இல் 640 ஏக்கரும் கைவிட்டுப் போயின. அதற்குள் அம்மையாரின் உடல்நலமும் குன்றியிருந்தது. 1976ஆம் ஆண்டளவில் பண்ணை முடிவுற்றது.

நிர்வாகத் திறமைக் குறைவே பண்ணையின் வீழ்ச்சிக்குக் காரணம் என்று எழுதியோர் உண்டு. கணக்கும் பயிற்சியும் போதாமலிருந்தன என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் அதே வறட்சியும் அதே வெள்ளமும் ஈஸ்ட்லாண்டின் பண்ணையை ஏலத்துக்குக் கொண்டுவரவில்லையே! கெட்ட ஆண்டைத் தாங்க அவர்களுக்கு வங்கிக் கடனும் அரசுத் தொகையும் இருந்தன. ஒரு டாலர் கட்டணமும் கட்ட இயலாத மக்களுக்கு நன்கொடை மட்டுமே இருந்தது. நன்கொடையாளர் கவனம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். நிலத்தின் தவணை மாறாது. நிலத்தைப் பெறுவது வேறு, பெற்றதை நிறுத்திக்கொள்வது வேறு என்பதை, 1892ஆம் ஆண்டு ஆணையால் கிடைத்த பஞ்சமி நிலங்கள் கைமாறிய வரலாற்றை அறிந்த நாம் எளிதில் உணரலாம். அமெரிக்காவில் 1920இல் ஏறத்தாழ 9,25,000 கறுப்பின உழவர் இருந்தனர். 1997இல் அவர்கள் 20,000க்கும் குறைவு. கடன் வழங்குவதில் அரசின் வேளாண் துறையே நிறவேற்றுமை காட்டியது என்று அவ்வுழவர்கள் தொடுத்த வழக்கு 1999இல்தான் உடன்பாட்டில் முடிந்தது.

கடனும் தவணையும் மறந்து போயின, பாத்தி மறக்கவில்லை. மோட்டார்த் தொழில் நலிந்து மக்கள் வெளியேறிய டெட்ராய்ட் நகரில், 2006இல் கறுப்பின மக்களின் உணவுப் பாதுகாப்புக்கென ஓர் அமைப்பு உருவாகி, நகரப் பூங்காவில் இடம் பெற்றுப் பொதுப்பண்ணை நடத்தத் தொடங்கியது. அந்நகரக் கறுப்பினக் குடும்பங்களில் மிகப் பல, முந்திய தலைமுறைகளில் மிசிசிப்பியிலிருந்தும் பிற தென்மாநிலங்களிலிருந்தும் புறப்பட்டு வந்தவையே.

ஃபேனி லூ ஹேமர் 1977 மார்ச்சு 14 அன்று மவுண்ட் பேயூ மருத்துவமனையில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 59. ரூல்வில் ஊரில், கூட்டுறவுப் பண்ணைக்கு உரியதாயிருந்த நிலத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். கணவர் பெரி ஹேமரும் பின்னர் அங்கேயே அவரருகில் அடக்கமானார்.