கோட்டையிலிருந்து வடலூருக்கு

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில், 1895 பிப்ரவரி 1 அன்று ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் ஓமந்தூரார் என அறியப்பட்ட ஓ.பி. இராமசாமி ரெட்டியார். 1947 மார்ச் 23இல் சென்னை மாகாணத்தின் பிரதமராக, இன்றைய வழக்கில் முதலமைச்சராக, பொறுப்பேற்றார். 1949 ஏப்ரல் 6இல் விலகினார். அந்த இரண்டாண்டில் அவரது அரசு இயற்றிய சட்டங்கள் பல, சமயத்தின் பேரால் நிலைத்துவிட்ட வழக்கங்களை மாற்றியவை. அவரோ வள்ளலாரிடமும் இரமணரிடமும் நெஞ்சைப் பறிகொடுத்த பக்தர். அவருடைய சீர்திருத்தத்துக்கு அந்தப் பக்தியே வேர் என்பது என் துணிபு.

1939இல் ஒடுக்கப்பட்டோரின் மதுரை ஆலயப் பிரவேசத்தை ஒட்டி இராஜாஜி அரசு கொண்டுவந்த சட்டம், கோயிலைத் திறப்பதை அறங்காவலரின் இசைவுக்கு விட்டிருந்தது. ஓமந்தூரார் ஆட்சியின் 1947ஆம் ஆண்டுச் சட்டம் அதை இந்துக்கள் அனைவரின் உரிமையாக்கியது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு வழக்கத்தை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி 1927 முதலே போராடிவந்த கோரிக்கையும் அதே ஆண்டில் சட்டமாயிற்று. கோயில் நிர்வாகத்தைச் சீர்செய்ய அவர் தொடங்கிய முயற்சி, அவர் விலகிய பின் 1951இல் இந்து அறநிலையச் சட்டமாக நிறைவேறியது.

நிலத்தைப் பற்றி அவருக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1802இல் வந்த நிலையான தீர்வை முறையில் ஜமீன்தார் அரசுக்குக் கட்டிய பேஷ்குஷ் மாறாமல் நின்றது. குடியானவன் ஜமீன்தாருக்குக் கட்டிய வாரமோ உழவர் அரசுக்கே நேரே வரி கட்டிய பக்கத்து ரயத்துவாரி நிலத் தீர்வையைவிடப் பல இடங்களில் மிகுதி. 1947ஆம் ஆண்டின் வாரக் குறைப்புச் சட்டம் முதலில் அந்தச் சுமையைக் குறைத்தது. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் இழப்பீடு தந்து ஜமீன்களை அரசுடைமையாக்கி, உழவன் அரசிடமிருந்தே பட்டா பெற வழிசெய்தது.

அரசுப் பணியிலும் அவர் கை வைத்தார். 1947 நவம்பரில் திருத்தப்பட்ட வகுப்புவாரி ஆணை ஒவ்வொரு 14 பணியிடங்களையும் சமூகவாரியாகப் பகிர்ந்தளித்தபோது, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கென 2 இடங்கள் முதன்முறையாகத் தனியே ஒதுக்கப்பட்டன. 1951இல் நீதிமன்றம் வகுப்புவாரி முறையைச் செல்லாது என்றதும், அரசியலமைப்பின் முதல் திருத்தம் பிறந்ததும் வரலாறு. திராவிடர் கழகத்தின் கருஞ்சட்டைப் படைக்குத் தடை, பள்ளிகளில் இந்தி என்று அதே அரசு 1948இல் எடுத்த முடிவுகள் பெரும் கொந்தளிப்பைக் கிளப்பியதையும் மறைக்க வேண்டியதில்லை. அவற்றையும் உடன்வைத்து எடைபோட்டாலும் இந்தச் சட்டங்களின் கனம் குறையவில்லை.

சொந்தக் கட்சிக்குள் எதிர்ப்பு முற்றியபோது பதவியைப் பற்றிக்கொண்டிராமல் இறங்கினார். பின்னர் அவர் சென்று சேர்ந்த இடம் வடலூர். சாதி பாராது பசித்தவர்க்கெல்லாம் சோறிட 1867இல் வள்ளலார் தருமசாலை அமைத்த ஊர் அது. கோயில் வாசலில் சாதி கேட்கக் கூடாது என்று சட்டம் செய்தவருக்கு அதைவிடப் பொருத்தமான ஊர் ஏது? அங்கே சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவிக் கல்விப் பணியில் ஆழ்ந்தார். 1970 ஆகஸ்ட் 25இல் மறைந்தார். கோட்டையில் இருந்தபோது சட்டமாக எழுதியதை, வடலூரில் பள்ளிக்கூடமாக நடத்தினார் ஓமந்தூரார்.