ஊராட்சியின் எல்லையும் மக்களின் வாக்கும்

குப்பை அள்ளுவதும், கால்வாய் துப்புரவும், சந்தைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் லைசென்ஸ் தருவதும் ஊராட்சி மன்றத்தின் வேலை. நாடாளுமன்றத்தைவிட நமக்கு அருகில் உள்ள அரசாங்கம் இதுதான். இது நம் நாட்டில் எவ்வாறு வளர்ந்தது, எவ்வாறு மாறியது என்பதை இன்று காண்போம்.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் 1857-ஆம் ஆண்டிலேயே நகராண்மைத் தேர்தல் நடந்தது. ஆனால் ஆங்கிலேய ஆட்சியே 1913-ல் தேர்தலை எடுத்துவிட்டு, உறுப்பினர்களை நியமிக்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1950-ல் ஊராட்சித் தேர்தல் சட்டம் வந்தது. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனிலும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் மக்கள் வாக்களித்தார்கள். நாட்டின் முதல் பொதுத் தேர்தல் நடந்ததோ 1955-ல்தான். அதாவது, வாக்குரிமையின் பாலர் பள்ளியாக நமக்கு இருந்தது ஊராட்சி. அவசர கால ஆட்சியில் அமைக்கப்பட்ட புதுக்கிராமங்களும் 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தங்கள் மன்றங்களைத் தேர்ந்தெடுத்தன. 1957-ல் ஜார்ஜ் டவுன் மாநகரானது. அதன் முதல் மேயர் டி.எஸ். இராமநாதன் ஆசிரியத் தொழிலில் இருந்தவர் என்பதில் நமக்கும் பெருமை உண்டு.

இந்தோனேசியாவின் எதிர்ப்புப் போராட்டம் நடந்த வேளையில், 1965 மார்ச்சில், ஊராட்சித் தேர்தல்கள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. அதே ஆண்டில் செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. 1968-ல் அது அறிக்கை தந்தது. நாடு முழுவதும் ஊராட்சி எல்லைக்குள் வர வேண்டும், மன்ற உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பவை அதன் முக்கியப் பரிந்துரைகள்.

இவற்றுள் முதலாவது பெரும்பாலும் நிறைவேறியது, இரண்டாவது நிறைவேறவில்லை. அப்போது தீபகற்பத்தில் மட்டும் 370-க்கும் மேற்பட்ட ஊராட்சி அமைப்புகள் இருந்தன. பல சிறியவை; வருமானம் போதாதவை. 1973-ஆம் ஆண்டின் தற்காலிகச் சட்டமும், 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டமும் அவற்றை இணைத்துச் சுமார் நூறாகச் சுருக்கின. பெரிய மன்றத்திற்கு வரிப் பணமும் இயந்திரங்களும் கூடுதலாகக் கிடைத்தன. ஆனால் உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் என்று அச்சட்டம் வகுத்தது. தற்காலிகமாக நின்ற தேர்தல் நிரந்தரமாக நின்றது. 2012-ல் பினாங்கு மாநிலம் தனிச் சட்டம் இயற்றித் தேர்தலை மீட்க முயன்றது. மாநிலத்திற்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014-ல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தோட்டப்புற மக்களாகிய நாம் இதைக் கவனிக்க வேண்டும். முன்னாளில் தோட்டங்கள் பெரும்பாலும் ஊராட்சி எல்லைக்கு வெளியே இருந்தன. லயத்துத் தண்ணீரும் கால்வாயும் நிர்வாகத்தின் பொறுப்பு. முறையிட வேண்டுமானால் ஆபீஸ் வாசலுக்குத்தான் போக வேண்டும். பின்னர் எல்லை விரிந்தது. தோட்டத்தை விட்டுத் தாமான்களில் குடியேறியவர்கள் மதிப்பீட்டு வரி கட்டுபவர்களாகவும் ஆனார்கள். ஆனால், 'நம் வாக்கால் வந்தவர்' என்று உரிமையோடு கேட்கக்கூடிய மன்ற உறுப்பினர் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

எல்லையை அகலப்படுத்துவது சீர்திருத்தத்தில் பாதி. அந்த எல்லைக்குள் வாழ்பவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை தருவது மறுபாதி. முதற்பாதியை நம் நாடு திறம்படச் செய்தது. மறுபாதி இன்னும் பாக்கியாக இருக்கிறது. அதுவரை நம் வட்டார மன்ற உறுப்பினர் யார் என்பதையேனும் தெரிந்துகொள்வோம். குறைகளை எழுத்தில் கொடுப்போம்.