கனத்துகள் தேடலில் நேரத் துல்லியம்

காஸ்மிக் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதிச் சிதறும்போது, அதுவரை அறியப்படாத கனமான துகள் பிறக்கிறதா என்பதை அது தரைக்கு வந்துசேரும் நேரத்தை வைத்துத் தேடும் முறை ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் இதற்குக் களமானது உதகமண்டலம்.

சிவகாசியில் ஒரு கிலோமீட்டர் தள்ளி வானவெடி வெடித்தால் வெளிச்சம் முந்தும். ஓசை 3 நொடி பிந்தும். கனத்துகளும் பிந்தவே செய்கிறது, ஆனால் நூலிழை அளவுக்கு. புரோட்டானைப்போல் 5 மடங்கு நிறையுள்ள துகள் 50 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்தால், ஒளியைவிடச் சுமார் 15 நானோநொடி பின்தங்கும். அதே ஆற்றலுள்ள புரோட்டான் 1 நானோநொடிகூடப் பிந்தாது.

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1950களிலேயே உதகையில், கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டர் மேலே, காஸ்மிக் கதிர் ஆய்வில் இறங்கியது. 1970களின் தொடக்கத்தில் பி. வி. ஸ்ரீகண்டன், எஸ். சி. தோன்வார், எஸ். நாரணன் ஆகியோர் அங்கே தாமதமாக வரும் ஹேட்ரான்களை (புரோட்டான், நியூட்ரான் போன்ற துகள்களை) தேடினார்கள். மோதலில் பிறக்கும் துகள் பொழிவின் முன்வரிசையில் வரும் எலக்ட்ரான்கள் கடிகாரத்தை ஓடவிடும். பின்னால் வரும் ஹேட்ரானின் ஆற்றலைக் கலோரிமீட்டர் அளக்கும். ஆற்றலும் அதிகம், தாமதமும் அதிகம் என்றால் துகள் கனமானது. அப்படிச் சில பதிவுகள் கிடைத்தன. புதிய துகளாக இருக்குமோ என்ற எதிர்பார்ப்பும் எழுந்தது. 1979-இல் அமெரிக்காவின் மேரிலாந்து குழுவும் இதுபோன்ற நிகழ்வுகளை அறிவித்தது. 1985-இல் அவர்களே வெளியிட்ட விரிவான தேடலில் கனத்துகளுக்குச் சான்று கிடைக்கவில்லை.

சிக்கல் கடிகாரத்தில் இல்லை. ஆற்றல் குறைந்த சாதாரண நியூட்ரானும் புரோட்டானும் இயல்பாகவே பிந்தி வரும். கலோரிமீட்டர் எப்போதாவது அவற்றின் ஆற்றலைக் கூட்டிக் காட்டிவிட்டால், சாதாரணத் துகளே கனத்துகளாக வேடம் போட்டுவிடும். நேரத்தை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும், ஆற்றல் அளவீடு சறுக்கினால் பயனில்லை.

நேர அளவீட்டுக்கு வேறு பயனும் உண்டு: உதகையில் இப்போது இயங்கும் கிரேப்ஸ்-3 என்ற கருவித்தொகுதி, 8 மீட்டர் இடைவெளியில் பரப்பிய சுமார் 400 சிண்டிலேட்டர் உணரிகளின் நேர வேறுபாட்டைக் கொண்டு கதிர் வந்த திசையைக் கணிக்கிறது.

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் 50,000 டன் இரும்புக் கருவிக்கு ஏறத்தாழ 1 நானோநொடித் துல்லியம் போதும். ஒளிவேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் நகரும் காந்த ஒருமுனை (ஒரே காந்தமுனை மட்டும் கொண்டதாகக் கருதப்படும் கனத்துகள்) அதன் ஓர் அடுக்கைக் கடக்கவே 300 நானோநொடிக்கு மேலாகும். அதைப் பிடிக்க இந்தக் கடிகாரம் தாராளம். மக்கள் எதிர்ப்பாலும் வழக்குகளாலும் அந்தத் திட்டம் நின்றுபோனது. அதன் 85 டன் முன்மாதிரிக் கருவி மட்டும் மதுரையில் நிறுவப்பட்டு, 2018 முதல் காஸ்மிக் மியூவான்களைப் பதிவுசெய்தது.