சுவருக்கும் மூச்சு உண்டு

பழைய வீட்டை இடிப்பதா, காப்பதா என்று கேட்டால் அரங்கம் உடனே இரண்டாகப் பிரிந்துவிடும். இடிக்கச் சொல்பவர் செலவைச் சொல்வார். காக்கச் சொல்பவர் தாத்தா காலத்து நினைவைச் சொல்வார். காப்பது என்று முடிவான பிறகுதான் கடினமான கேள்வி வருகிறது. எதைக் காப்பது? முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் அது பழைய வீடுதானா? இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

பினாங்கு நீல மாளிகை

ஜார்ஜ்டவுன் லீத் ஸ்திரீட்டில் இருக்கும் நீல மாளிகையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டியவர் சியோங் ஃபாட் ட்சே. சீனாவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதில் பிழைப்புத் தேடி இந்தத் தீவுகளுக்கு வந்து, பெரும் வணிகரானவர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அந்த மாளிகையில் 38 அறைகள், 5 முற்றங்கள், 220 சன்னல்கள். 1916இல் அவர் காலமானார். கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்கக்கூடாது என்று உயில் எழுதி வைத்திருந்தார். அந்த மகன் 1989இல் இறந்தபோது, மாளிகை பல வாடகைக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்து சிதைந்துபோன கட்டடமாக நின்றது.

கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோவும் அவரைச் சேர்ந்தவர்களும் அதை வாங்கினார்கள். நிலத்தின் மதிப்பை மட்டும் கணக்குப் பார்த்திருந்தால் அங்கே இன்று ஓர் அடுக்குமாடி நின்றிருக்கும். அவர்களோ வீடு எதனால் கட்டப்பட்டது என்பதை முதலில் ஆராய்ந்தார்கள். கூரை அலங்காரத்தில் பீங்கான் துண்டுகளை வெட்டி ஒட்டும் வேலை தெரிந்த கைவினைஞர்களைச் சீனாவிலிருந்தே வரவழைத்தார்கள். சுவருக்கு மறுபடியும் சுண்ணாம்புதான் பூசினார்கள். அந்த நீல நிறம் எங்கிருந்து வந்தது தெரியுமா? சுண்ணாம்பில் கலந்த அவுரிச் சாயம். அந்தக் காலத்தில் அது இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு. சீனர் கட்டிய மாளிகையின் நிறத்தில் நம் முன்னோர் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு! 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியக் காப்பு விருது இந்த மாளிகைக்குக் கிடைத்தது.

சிமெண்டு செய்யும் கேடு

ஏன் சுண்ணாம்பு? சிமெண்டு பூசினால் என்ன? பழைய வீட்டைப் புதுப்பிக்கும் நம்மவர் பலர் தவறுவது இங்கேதான். அந்தக் காலத்துச் செங்கல் சுவரின் அடியில் ஈரத்தைத் தடுக்கும் படலம் கிடையாது. மண்ணின் ஈரம் சுவரில் மெல்ல மெல்ல மேலேறும். மேலே சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அந்த ஈரம் ஆவியாக வெளியேறிவிடும். சுவர் மூச்சு விடுகிறது என்று இதைத்தான் சொல்வார்கள். சிமெண்டுப் பூச்சும் அதன்மேல் பிளாஸ்டிக் கலந்த சாயமும் அந்த மூச்சை அடைத்துவிடுகின்றன. ஈரம் உள்ளேயே தங்கும், உப்புப் பூக்கும், செங்கல் பொடிப்பொடியாக உதிரும். நூறு ஆண்டு நின்ற சுவர், அழகுபடுத்திய சில ஆண்டுகளில் கெட்டுப்போவது இப்படித்தான்.

காற்றும் அப்படியே. கடைவீடுகளின் நடுவே உள்ள திறந்த முற்றம், உயர்ந்த கூரை, கதவுக்கு மேலே உள்ள காற்றுத் துவாரம் எல்லாம் மின்விசிறி இல்லாத காலத்தில் வெப்பத்தை வெளியேற்றிய கருவிகள். ஏர்கோன் வைப்பதற்காக அவற்றை அடைத்தால் மூலையெல்லாம் பூஞ்சை பிடிக்கும். மலாயாவிலும் பர்மாவிலும் தொழில் செய்த செட்டியார்கள் ஊரில் கட்டிய வீடுகளிலும் இதே அறிவைப் பார்க்கலாம். அங்கும் முற்றம் உண்டு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரும் உண்டு.

1964இல் வெனிஸ் நகரில் கூடிய வல்லுநர்கள் ஒரு நெறியை வகுத்தார்கள். ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்பது அதன் சாரம். பழைய தூண் எப்படி இருந்தது என்று தெரியவில்லையா? கற்பனையாக ஒன்றைச் செய்து பழையது என்று ஏமாற்றாதே!

தலைநகரில் இழந்ததும் மீண்டதும்

கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் 1929இல் எழுந்த போக் ஹவுஸ் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? சுவா செங் போக் என்ற வணிகரின் மாளிகை. பின்னாளில் புகழ்பெற்ற உணவகமாகவும் இருந்தது. 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம் 2006 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அந்த மாளிகை இடிக்கப்பட்டது. சட்டம் இருந்தது, வீடு இல்லை!

பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமத்தின் கதை வேறு. இலங்கைத் தமிழர் முயற்சியில் 1904இல் எழுந்த கட்டடம் அது. 2014இல் அந்த நிலத்தில் அடுக்குமாடித் திட்டம் என்ற செய்தி வந்ததும் மக்கள் குரல் கொடுத்தார்கள். 2016இல் அது பாரம்பரியத் தளமாக அரசாங்கப் பதிவு பெற்றது. சட்டம் தானாக எந்தக் கதவையும் தட்டாது. கேட்பதற்கு ஆள் வேண்டும்.

நம்முடைய வீடுகள்

மாளிகைகளுக்காகப் பேச ஆள் இருக்கிறது. உழைத்தவர்களின் வீட்டுக்காக யார் பேசுவது? பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே நிலத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. அங்கே தண்டவாளத்தோடு வாழ்ந்த குடும்பங்களின் குடியிருப்புகளில் எதை நாம் காத்தோம்? நான் வசிக்கும் சுபாங் ஜெயா, 1976இல் வீடமைப்பு தொடங்கும்வரை சீபீல்ட் ரப்பர் தோட்டம். பால்மரம் சீவிய நம் மக்கள் வாழ்ந்த மண். அந்த லயத்து வீடுகளை அளந்து வரைந்து வைத்தவர் உண்டா? ஒரு படமாவது உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதா?

சுபாங் ஜெயாவின் முதல் வரிசை வீடுகளுக்கே இன்று ஏறக்குறைய ஐம்பது வயது. குறுகிய கண்ணாடிப் பட்டைச் சன்னல், காற்றுத் துளையிட்ட கல், குளிர்ச்சியான தரை என்று அவற்றுக்கும் ஒரு குணம் உண்டு. வாரந்தோறும் ஏதாவது ஒரு வீடு உடைபடுகிறது. குடும்பம் பெருகும்போது வீட்டையும் பெரிதாக்கத்தான் வேண்டும். அதை நான் தடுக்கவில்லை. குத்தகையாளர் சுத்தியலைத் தூக்குவதற்கு முன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

முதலில், எல்லா அறைகளையும் படம் எடுங்கள், அளவு குறியுங்கள். அடுத்து, இந்தச் சுவர் எதனால் ஆனது, இந்தத் துவாரம் எதற்கு என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். மூன்றாவது, இன்னும் நன்றாக உழைக்கும் பாகத்தை மாற்றாதீர்கள். உளுத்த பலகைக்குப் பதில் பலகை போடுங்கள், சுவர் முழுவதையும் பெயர்க்காதீர்கள்.

இதற்கு மாளிகை வேண்டாம், கோடி வெள்ளியும் வேண்டாம். இடிப்பதற்கு ஒரு நாள் போதும். கேட்டுத் தெரிந்துகொள்ளப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.