அலைகளைக் கூட்டிய கருவி

நான் கணித ஆசிரியனாயிருந்த காலத்தில், முக்கோணவியல் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, நான் மருத்துவம் படிக்க விரும்புகிறேன். இந்த சைனும் கோசைனும் நோயாளிக்கு என்ன பயன் தரும்?" என்று வினவினான். "பரீட்சைக்கு வரும், உட்கார்" என்றேன். உண்மையில் எனக்கே விடை தெரியாது. அன்று அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் நகரில், ஜான் கெண்ட்ரூ என்னும் அறிஞர், தசையில் பிராணவாயுவைச் சேமித்து வைக்கும் மையோகுளோபின் என்ற புரதத்தின் வடிவத்தை அறிய முற்பட்டார். திமிங்கிலத்தின் தசையிலிருந்து எடுத்த அப்புரதத்தைப் படிகமாக்கி, அதன்மீது எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சினார். படத்தில் விழுந்தவை உருவம் அல்ல, வெறும் புள்ளிகளே. ஒவ்வொரு புள்ளியும் ஓர் அலையைக் குறிக்கும். சைன், கோசைன் கணக்கினால் அவ்வலைகளையெல்லாம் கூட்டினாலன்றி உருவம் புலப்படாது.

அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் 1949ஆம் ஆண்டு எட்சாக் என்னும் கணிப்பொறி இயங்கத் தொடங்கியிருந்தது. கெண்ட்ரூவும் ஜான் பென்னெட்டும் இக்கணக்கை அதற்குரிய கட்டளைகளாக எழுதினர். எனினும் எந்த அலை எவ்விடத்தில் எழுந்து எவ்விடத்தில் தாழ்கிறது என்பதைப் புள்ளிகள் சொல்லவில்லை. புரதத்தோடு கனமான அணுக்களை இணைத்து, புள்ளிகளில் நேரும் மாற்றத்தைக் கொண்டு அதை அறிந்தனர். இவ்வழி பொறி கண்டதன்று. மனித அறிவு கண்டது.

சுமார் 400 புள்ளிகளைக் கொண்டு கிடைத்த மங்கலான உருவம் 1958இல் வெளியாயிற்று. பின்னர் வந்த இரண்டாம் எட்சாக் ஏறத்தாழ 10,000 புள்ளிகளைக் கணக்கிட்டது. 1960இல் தெளிந்த உருவம் வெளிவந்தது. 1962இல் கெண்ட்ரூவும் மாக்ஸ் பெருட்ஸும் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

புரதத்தின் வடிவம் தெரிந்தால், அதில் எம்மருந்து பொருந்தும் என்று தேடலாம். 2020இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்திலிருந்த சம்மிட் என்னும் மீக்கணினி, 8,000க்கும் மேற்பட்ட சேர்மங்களைக் கொரோனா வைரஸின் முள் புரதத்தோடு கணக்கிலேயே பொருத்திப் பார்த்து, 77ஐப் பிரித்துக் காட்டியது. அவை மருந்துகள் என்று அது கூறவில்லை; சோதிக்கத் தக்கவை என்றே கூறிற்று. சோதிப்பது ஆய்வுக்கூடத்தின் கடமை.

பொறி விரைவாகக் கூட்டும். எதைக் கூட்ட வேண்டும் என்று கேட்பவன் மனிதன். கேள்வி கேட்ட ஒரு மாணவனை நான் உட்கார வைத்துவிட்டேன். நீங்கள் உட்கார்ந்துவிடாதீர்கள்.