கல்லறையிலிருந்து எழுந்த படம்

1931இல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தால் உலகப் புகழ் பெற்ற போரிஸ் கார்லாஃப் லண்டனில் பிறந்தவர். இளம் வயதில் கனடாவுக்குக் கப்பலேறியவர், கால் நூற்றாண்டு கழித்துத் தாய்நாடு திரும்பி நடித்த திகில் படம் ‘தி கூல்’ (1933).

கதைநாயகன் மோர்லண்ட் எகிப்தியல் பேராசிரியர். மரணப் படுக்கையில் கிடப்பவர், ‘நித்திய ஒளி’ என்னும் மணியைத் தன் உள்ளங்கையில் வைத்துத் துணிக்கட்டுப் போடச் சொல்கிறார். மணி திருடுபோனால் எழுந்து வந்து பழிவாங்குவாராம். வேலைக்காரனோ அதை எடுத்துவிடுகிறான்! ஜெர்மன் சினிமாவில் தேர்ந்த ஒளிப்பதிவாளர் குந்தர் கிராம்ஃப் தீட்டிய நிழல்கள்தாம் படத்தின் உயிர். மேடை நடிகர் ரால்ஃப் ரிச்சர்ட்சனுக்கும் திரையில் இதுதான் தொடக்கம்.

பிறகு படமே காணாமல்போனது.

1969இல் செக்கோஸ்லோவாக்கியாவில் மங்கலான, ஒலி தேய்ந்த பிரதியொன்று அகப்பட்டது. மூல நெகட்டிவ் 1980களில், பிரிட்டனிலேயே கிடைத்தது.