மட்டக்களப்புப் பறங்கியரின் வீட்டுமொழி

மட்டக்களப்பு வாவியிலுள்ள புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628 இல் எழுப்பிய கோட்டை பத்தே ஆண்டுகளில், 1638 இல், ஒல்லாந்தரிடம் வீழ்ந்தது. ஆயினும் போர்த்துக்கேயரின் சொற்களிலிருந்து உருவான பேச்சுமொழி, ஐரோப்பியர் வழிவந்த பறங்கியரின் வீடுகளில் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் வழங்கி வந்தது. வேற்றுமொழியினர் கலந்து வாழ்ந்ததில் பிறந்து, அடுத்த தலைமுறைக்குத் தாய்மொழியாகிவிடும் இத்தகைய மொழியைக் கிரியோல் என்பர். ஒல்லாந்தக் கம்பனியின் சிப்பாய்கள் பலர் போர்த்துக்கேயக் கலப்புக் குடும்பத்துப் பெண்களை மணந்தமையால், தாய் பேசியதே பிள்ளையின் மொழியாயிற்று. ஆட்சியாளர் ஒல்லாந்த மொழியைப் பரப்ப முயன்றும் அது வீட்டுக்குள் வேரூன்றவில்லை.

இம்மொழியில் நான் என்பது ஏவ், நாங்கள் என்பது நோஸ், பணம் தின்யேரு, வீடு காஸ. நெருக்கமானவரைப் போஸ் என்றும், மதிப்புக்குரியவரை ஓசீர் என்றும் அழைப்பர். சொற்கள் இவ்வாறு ஐரோப்பிய மூலத்தைக் காட்டினாலும், வாக்கியம் தமிழின் வழியிலேயே செல்கிறது. வினை இறுதியில் நிற்கும். போர்த்துக்கேயத்தில் பெயருக்கு முன்னே வரும் வேற்றுமை காட்டும் சொற்களின் இடத்தில் இங்கே பெயரை ஒட்டிய பின்னொட்டுகள் வருகின்றன. எலி என்றால் அவன். எலிப என்றால் அவனுக்கு, எலிசு என்றால் அவனுடைய. பசியையும் விருப்பத்தையும் சொல்லும்போது, அவற்றை உணர்பவரைத் தமிழைப் போலவே 'கு' உருபுக்கு நிகரான வடிவில் வைப்பதும் உண்டு. மலாக்காவில் இதன் உடன்பிறப்பான கிரியோல் வினையை நடுவிலேயே வைத்திருப்பதால், இந்த மாற்றம் தமிழரோடு கலந்து வாழ்ந்ததன் விளைவு என்பது தெளிவு. காலம் காட்டும் முறை மட்டும் பழையபடியே நின்றது: குமீ, அதாவது உண், என்னும் வினைக்கு முன்னே தா சேர்ந்தால் நிகழ்காலம், ஜா சேர்ந்தால் இறந்தகாலம், லோ சேர்ந்தால் எதிர்காலம்.

தச்சு, கொல்லு, தையல், சப்பாத்துத் தைத்தல் போன்ற கைத்தொழில்களைச் செய்த இக்குடும்பங்களுக்குக் கடைத்தெருவில் தமிழ் இன்றியமையாததாக இருந்தது. தமிழரும் மேசை, அலுமாரி, சாவி, ஜன்னல், வாங்கு முதலிய சொற்களைப் போர்த்துக்கேயத்திலிருந்து ஏற்றுக்கொண்டனர். ஆகவே கொடுக்கல் வாங்கல் இருபுறமும் நடந்தது என்பதே பொருந்தும். இம்மொழியைச் சிதைந்த போர்த்துக்கேயம் என்று ஒதுக்குவது அநீதி.

மொழியறிஞர் செபஸ்தியான் ரொடோல்ஃபோ டால்காடோ 1900 இல் இலங்கைக் கிரியோலைப் பற்றித் தனி நூல் வெளியிட்டார். 1970களில் மொழியியலாளர் இயன் ஸ்மித் மட்டக்களப்புப் பேச்சை நேரில் பதிவுசெய்து அதன் தமிழ்ச்சாயலை விரிவாக நிறுவினார். தமிழ்வழிப் பள்ளிக் கல்வி, குடிபெயர்வு, 2004 ஆழிப்பேரலை மட்டக்களப்பின் டச்பார் பகுதியில் ஏற்படுத்திய உயிரிழப்பு ஆகியவற்றுக்குப் பின், இம்மொழி பெரும்பாலும் முதியோர் பேச்சிலும் கல்யாண வீடுகளின் கஃப்ரிஞ்ஞா ஆட்டப்பாட்டுகளிலும் கேட்கிறது.